செட்டிப்பாளையம் சுவாமி பெயரில் ஒரு ஜாஸ் தட்டு! - ரெகே, ஜாஸ், ஆப்பிரிக்க வினைல்... எங்கே தொடங்கலாம்?

போன வாரம் டர்ன்டேபிள் வாங்குவதைப் பற்றி எழுதியதும் வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்தன. "ராஜா சார் தட்டு, எம்.எஸ்.வி தட்டெல்லாம் வீட்டிலேயே இருக்கு. வெளிநாட்டுத் தட்டு வாங்கணும்னா பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்டு, மைக்கேல் ஜாக்சன் தாண்டி என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். கடையில் முன்வரிசையில் அவற்றைத்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். பின்னால் ஒரு பெட்டி இருக்கும். 'வேர்ல்டு மியூசிக்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, ஜமைக்கா, நைஜீரியா, எத்தியோப்பியா எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்திருப்பார்கள். பக்கத்திலேயே ஜாஸ். இந்த வாரம் அந்த இரண்டு பெட்டிகளும்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது 'கட்டாயம் கேட்க வேண்டிய 100 ஆல்பங்கள்' வகை லிஸ்ட் கிடையாது. இறக்குமதி எல்.பி ஒன்று இப்போது 3,000, 4,000 ரூபாய் என்று போகிறது. சில வீடுகளில் அது பாதி மாத மளிகைக் காசு. அதனால் குறைவாகத்தான் சொல்லப்போகிறேன். எதை வாங்கலாம், எந்தப் பதிப்பை வாங்கலாம், நாம் கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம். அந்தக் கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்பது கீழே சிங்கக் கதை வரும்போது புரியும்.

கோவையிலிருந்து நியூயார்க் போன சுவாமி

ஜாஸ் என்றாலே 'நமக்குப் புரியாது' என்று ஒதுங்குபவர்களுக்கு நான் எடுத்து நீட்டும் முதல் தட்டு, ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971). பெயரைப் பார்த்தீர்களா? அந்த சச்சிதானந்தா நம்ம ஊர்க்காரர். கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் 1914-ல் பிறந்தவர். ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, இலங்கையில் பல வருடம் ஆசிரமம் நடத்தி, 1966-ல் அமெரிக்கா போனார். 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் தொடக்க உரை ஆற்றிய காவி உடைத் தாடிக்காரரின் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்களே, அவரேதான்.

ஆலிஸ், ஜாஸ் உலகமே கொண்டாடிய சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி. 1967-ல் ஜான் 40 வயதில் இறந்துபோனார். சின்னக் குழந்தைகளோடு தனியாக நின்றார் ஆலிஸ். தூக்கம் இல்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அந்தக் காலகட்டத்தில்தான் சுவாமியைச் சந்திக்கிறார். அந்த அமைதியை அப்படியே தட்டில் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1970 நவம்பரில், நியூயார்க் அருகே டிக்ஸ் ஹில்ஸில் இருந்த தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே இதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்.

ஊசி இறங்கியதும் முதலில் வருவது தம்புரா. அதன்மேல் செசில் மெக்பீயின் பாஸ், ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப நடக்கவிடுகிறது. அப்புறம் ஆலிஸின் ஹார்ப், தண்ணீர் கொட்டுவது மாதிரி. ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் கடைசியாகத்தான் உள்ளே வரும். வீட்டில் இதைப் போட்டபோது சமையலறையிலிருந்து அம்மா, "யாரு கச்சேரிடா? இன்னும் சுருதியே சேர்த்துட்டு இருக்காங்க" என்றார். பத்து நிமிடம் கழித்து ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். கர்னாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை. ஒரு சுருதி நிற்கிறது, அதன்மேல் ஒருவர் கற்பனை செய்துகொண்டே போகிறார். அவ்வளவுதான். கடைசிப் பாட்டு மட்டும் மேடைக் கச்சேரியில் பதிவானது, அதில் தம்புராவுக்குப் பதில் ஊத் என்ற அரபு வாத்தியம் வரும்.

இதை வெளியிட்டது 'இம்பல்ஸ்' கம்பெனி. அவர்களுடைய பழைய தட்டுகளை அலமாரியில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: அட்டையின் முதுகுப் பக்கம் ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். 1971 அசல் பதிப்பைத் தேடிப் பர்ஸைக் காலி செய்ய வேண்டாம். மறுபதிப்பே போதும்.

காது வரைந்த தட்டு

அடுத்து எல்லோரும் எதிர்பார்ப்பது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). வாங்கலாம். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் வாங்கிய ஆல்பம், அதற்கு என் சிபாரிசு எதற்கு? ஆனால், சேகரிப்பவர்களுக்காக ஒரு தகவல். இது இரண்டே நாள் பதிவில் முடிந்தது: மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் நாள் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டி தட்டு அச்சடித்ததால், முதல் பக்கத்தின் 3 பாட்டுகளும் சுருதி ஒரு பொடி தூக்கலாகவே ஒலித்தன. 30 வருடத்துக்கும் மேல் உலகம் முழுக்க அப்படித்தான் கேட்டது. கூடவே வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம். 1992 மறுபதிப்பில்தான் வேகத்தைத் திருத்தினார்கள். பழைய பதிப்பு கிடைத்தால் 'அசல்' என்று பெருமைப்படலாம். சரியான சுருதி வேண்டுமென்றால் திருத்திய பதிப்பு.

இதே ஆல்பம் சில கடைகளில் பாதி விலைக்கு, பளபளவென்று நீலக் கலர் தட்டில் கிடைக்கும். காரணம் இதுதான்: ஐரோப்பாவில் 1963-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு 60 வருடம்தான். ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால், அவர்கள் கையில் அசல் டேப் இருக்காது. பெரும்பாலும் ஒரு சி.டி-யிலிருந்து எடுத்துத்தான் தட்டில் ஏற்றுகிறார்கள். அதற்கு நீங்கள் போனிலேயே கேட்டுவிட்டுப் போகலாம். வினைலுக்கு என்று தனியாகச் செலவு செய்வதில் என்ன அர்த்தம்?

பதிப்பைச் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை ஒரு வெற்று வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் எழுத்துகள் தெரியும். 'ப்ளூ நோட்' கம்பெனியின் பழைய ஜாஸ் தட்டுகளில் அங்கே 'ஆர்.வி.ஜி' என்றோ 'வான் கெல்டர்' என்றோ இருக்கும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவுக்காரரின் முத்திரை அது. இவர் பகலில் கண் பரிசோதகர். ராத்திரியிலும் லீவு நாளிலும் நியூ ஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டு ஹாலில் மைக் வைத்து ஜாஸ் பதிவு செய்தவர். 1959 வரைக்கும் கண்ணாடி நம்பர் பார்க்கும் வேலையை விடவில்லை! அந்த முத்திரையோடு, சாய்த்து எழுதிய 'பி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது 1966 வரை ப்ளூ நோட்டுக்கு அச்சடித்துக் கொடுத்த ஆலையின் குறி. பார்க்கக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்கிறார்கள். காது இருந்தால் விலை எகிறும்.

நமக்குக் காது வேண்டாம், பாட்டு வேண்டும் என்றால், 2019-ல் தொடங்கிய 'டோன் பொயட்' வரிசையோ அதைவிட விலை குறைந்த 'கிளாசிக் வினைல்' வரிசையோ போதும். ப்ளூ நோட்டிலேயே ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஹோரஸ் சில்வரின் 'சாங் ஃபார் மை ஃபாதர்'. அட்டையில் தொப்பியும் சுருட்டுமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர் அவருடைய அப்பாதான். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் இருக்கும் கேப் வெர்டே தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். அந்தத் தீவின் தாளம் மகனுடைய பியானோவில் கேட்கும். அப்பாவுக்குப் பிறந்த நாள் பரிசாகவே கொடுக்கலாம், சுருட்டை மட்டும் விட்டுவிட்டு.

ரேடியோ ரிப்பேர்காரர் உருவாக்கிய இசை

ரெகே என்றதும் பாப் மார்லி டி-ஷர்ட் ஞாபகத்துக்கு வரும். மார்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1973-ல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' நல்ல தொடக்கம். முதலில் அச்சான 20,000 பிரதிகளின் அட்டை சிகரெட் லைட்டர் வடிவத்தில், மேல்மூடி திறக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் கையால் பிணைக்க வேண்டியிருந்ததால் கட்டுப்படியாகாமல் அட்டையையே மாற்றிவிட்டார்கள். அந்த லைட்டர் அட்டை இன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால், மார்லியோடு நின்றுவிட்டால் ஜமைக்காவின் பெரிய கண்டுபிடிப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெயர் 'டப்'. அது பிறந்த கதை சுவாரஸ்யம். ஜமைக்காவில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. நம்ம ஊர்க் கோயில் கொடையில் மைக் செட்காரர் குழாய் கட்டுகிற மாதிரி, அங்கே 'சவுண்ட் சிஸ்டம்' வைத்திருப்பவர்கள் ராட்சத ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கிப் பாட்டுப் போடுவார்கள். யார் செட்டு சிறந்தது என்று போட்டி, அடிதடிகூட. 1960-களின் கடைசியில் ரூடி ரெட்வுட் என்ற செட்காரர் ஒரு பாட்டை மாதிரித் தட்டாக வெட்டி வாங்கப் போனார். ஸ்டூடியோக்காரர் குரல் டிராக்கைச் சேர்க்க மறந்துவிட்டார். வெறும் வாத்தியம் மட்டும். அதை அப்படியே அன்று ராத்திரி போட, கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது! அதிலிருந்து ஜமைக்கா சிங்கிள்களில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் இல்லாத 'வெர்ஷன்' என்று வழக்கமானது. கரோகி எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

இந்த மறுபக்கத்தைக் கலையாக மாற்றியவர் கிங் டபி. ராஜா பட்டம் மக்கள் கொடுத்தது. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். தொழில், ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர். கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதியான வாட்டர்ஹவுஸில், வீட்டிலேயே சின்னதாக ஒரு மிக்ஸிங் அறை. வெறும் 4 டிராக். குரலைத் திடீரென்று வெட்டுவார், ஒரே ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்க விட்டு மறைப்பார், டிரம்ஸும் பாஸும் மட்டும் தனியாக நடக்கும், எங்கிருந்தோ கிட்டார் ஒரு கீற்று வந்து போகும். பாட்டை எழுதாமல், பாடாமல், வாசிக்காமல், மிக்ஸிங் மேஜையை மட்டும் வைத்து ஒருவர் இசையமைக்கிறார். இன்று நாம் கேட்கும் ரீமிக்ஸ் எல்லாவற்றுக்கும் இவர் ஒருவகையில் தாத்தா. 1989-ல் இவரைத் தன் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வாங்க வேண்டியது, அகஸ்டஸ் பாப்லோவோடு அவர் சேர்ந்து செய்த 'கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976). பாப்லோ வாசிப்பது மெலோடிகா. ஸ்கூல் பிள்ளைகள் வாயில் குழாய் வைத்து ஊதிக்கொண்டே கட்டை அமுக்குவார்களே, அந்தப் பொம்மை மாதிரியான வாத்தியம்தான். அதிலிருந்து இத்தனை ஏக்கம் வருமா என்று ஆச்சர்யமாக இருக்கும். இதை போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும், பாஸ்தானே இங்கே கதாநாயகன். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் உள்ள நண்பர் வீட்டில் போட்டுக் கேளுங்கள். மாடி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டப் பிடிக்கவில்லை, பாட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' (1977). லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய 'ப்ளாக் ஆர்க்' ஸ்டூடியோவில் செய்தது. இதுவும் 4 டிராக்தான். செட்ரிக் மைட்டனின் உச்சக் குரல், நடுநடுவே மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம், மழை ஈரத்தில் நனைந்தது மாதிரி ஓர் ஒலி. மார்லியை உலகுக்குக் கொண்டுபோன அதே கம்பெனி இதை வெளியிட மறுத்துவிட்டது. பெர்ரியே ஜமைக்காவில் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்தார், அவ்வளவுதான். 1996-ல் இங்கிலாந்தின் 'ப்ளட் அண்ட் ஃபயர்' நிறுவனம் மறுபடி கொண்டுவந்த பிறகுதான் உலகம் இதைத் தலைசிறந்த ரெகே ஆல்பங்களில் ஒன்று என்று சொல்ல ஆரம்பித்தது.

ஜமைக்காவில் அச்சான அசல் 7 அங்குலத் தட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், பிளேயரில் வைக்கத் தனி அடாப்டர் வேண்டும். பழைய தட்டுகளை உருக்கி மறுபடி அச்சடிப்பதும் அங்கே நடந்திருக்கிறது என்பதால், பிரிக்காத புதுத் தட்டே பொரி பொரிவது மாதிரி சத்தம் கொடுக்கலாம். அந்தச் சத்தத்தையே ரசிக்கும் கூட்டம் உண்டு. நான் அந்தக் கூட்டம் இல்லை.

ஒரு பாட்டு, 1,000 ராணுவ வீரர்கள்

ஆப்பிரிக்கா என்பது 50-க்கும் மேற்பட்ட நாடுகள். 'ஆப்பிரிக்க இசை' என்று ஒரு பெட்டியில் போடுவது, சென்னை கானாவையும் ஜப்பான் பாப்பையும் 'ஆசிய இசை' என்று ஒரே பெட்டியில் போடுவது மாதிரி. எனக்குப் பிடித்த சில மூலைகளை மட்டும் சொல்கிறேன்.

நைஜீரியாவின் ஃபெலா குட்டி. 1976-ல் 'ஸோம்பி' வெளியிட்டார். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, 12 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு தொடங்கி பல நிமிடம் கழித்துத்தான் வாயே திறப்பார், அதுவரை டோனி ஆலனின் டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் நம்மை நிற்கவிடாமல் ஆட்டும். விஷயம் என்னவென்றால், உத்தரவு வந்தால் நடப்பார்கள், உத்தரவு வந்தால் நிற்பார்கள், சொந்த மூளை கிடையாது என்று அன்றைய ராணுவ ஆட்சியின் சிப்பாய்களைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. தெருவில் பிள்ளைகள் ராணுவத்தைப் பார்த்தால் இந்தப் பாட்டைப் பாடிக் கேலி செய்யும் அளவுக்கு ஹிட்.

1977 பிப்ரவரி 18. சுமார் 1,000 வீரர்கள் லாகோஸில் ஃபெலாவின் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை அடித்து நொறுக்கி, வீட்டைக் கொளுத்தினார்கள். அவருடைய அம்மா ஃபன்மிலாயோ ரான்சம் குட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அவர் சாதாரணப் பெண்மணி அல்ல. நைஜீரியாவில் பெண்களின் உரிமைக்காகப் போராடிய பெருந்தலைவி, அப்போது 76 வயது. அந்தக் காயத்திலிருந்து மீளாமலே அடுத்த வருடம் இறந்தார். ஃபெலா ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ராணுவ ஆட்சியாளரின் முகாம் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அதையும் ஒரு பாட்டாக்கினார்.

ஃபெலாவின் தட்டுகளை வினைலிலேயே வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அட்டைகள். லெமி காரியோக்வு என்ற ஓவியர் வரைந்தவை. 12 அங்குல அட்டையில் ஒரு முழு அரசியல் கார்ட்டூன். போன் திரையில் அது தபால் தலை அளவில் தெரிந்து என்ன பயன்?

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு மாதிரி. அங்கே பாட்டில் வார்த்தையே தேவைப்படவில்லை. கேப்டவுன் நகரின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை 1966-ல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே மணல்வெளியில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அப்படி உருவான குடியிருப்புகளில் ஒன்று மானென்பர்க். சென்னையில் ஆற்றங்கரை வீடுகளை இடித்துக் கண்ணகி நகருக்கு லாரியில் ஏற்றிய காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1974-ல் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் 'மானென்பர்க்' என்று ஒரு மெட்டு வாசித்தார். 13 நிமிடம். சோகப் பாட்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் நடந்துபோகிற மாதிரி நிதானமான, சந்தோஷமான மெட்டு. பேசில் கோட்ஸியின் சாக்ஸபோன் அதன் உயிர். அது நிறவெறிக்கு எதிரான மக்களின் கீதமாகவே ஆகிப்போனது. வெளியிட்டவர் ரஷீத் வல்லி, ஜோகன்னஸ்பர்க்கில் 'கோஹினூர்' என்ற ரெக்கார்ட் கடை நடத்திய இந்திய வம்சாவளிக்காரர். பெரிய கம்பெனிகள் கைவிட்ட கலைஞர்களைத் தன் சின்ன லேபிளில் பதிவு செய்தவர்.

எத்தியோப்பியாவுக்குக் காது உடனே பழகும். முலாட்டு அஸ்டாட்கே என்ற கலைஞர் அமெரிக்காவில் படித்துவிட்டு, தன் நாட்டின் ஐந்து ஸ்வர இசையையும் ஜாஸையும் சேர்த்து 'எத்தியோ ஜாஸ்' என்று ஒன்றை உருவாக்கினார். அங்கே 'டிசிட்டா' என்று ஒரு ஸ்வர அமைப்பு உண்டு. அதில் ஒரு வகையின் ஸ்வரங்கள் நம் மோகனத்தின் அதே ஐந்து! ஆனால், கமகம் வேறு, நடை வேறு, அதனால் நன்றாகத் தெரிந்த முகத்தை வெளியூர் உடையில் பார்ப்பது மாதிரி ஒரு குறுகுறுப்பு. 1972-ல் வந்த 'முலாட்டு ஆஃப் எத்தியோப்பியா'வை 2017-ல் ஸ்ட்ரட் நிறுவனம் மறுபதிப்பு செய்தது. அதைத் தேடுங்கள்.

ஜாம்பியாவை ஒரே பத்தியில் முடிக்கிறேன். 1970-களில் அங்கே இளைஞர்கள் ராக் இசையை உள்ளூர்த் தாளத்தோடு கலந்து அடித்தார்கள். இன்று 'ஜாம்ராக்' என்கிறார்கள். விட்ச் என்ற குழுவின் 'லேசி போன்ஸ்' (1975) அதில் உச்சம். பிறகு தாமிர விலை சரிந்து நாட்டின் பொருளாதாரம் படுத்தது, எய்ட்ஸ் அந்தத் தலைமுறைக் கலைஞர்களில் பலரைக் கொண்டுபோனது. பாடகர் ஜகாரி சாண்டா ரத்தினக் கல் சுரங்கம் தோண்டப் போய்விட்டார். அவர் சுரங்கத்தில் இருந்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவருடைய பழைய தட்டு பெரும் விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கு ஒரு பைசா இல்லை. முறையாக உரிமம் வாங்கிய மறுபதிப்புகள் வந்த பிறகுதான் அவர் மறுபடி மேடை ஏறினார். 2023-ல் புது ஆல்பமே வந்துவிட்டது.

10 ஷில்லிங் சிங்கம்

இப்போது சிங்கக் கதை. 'லயன் கிங்' படத்தில் டிமோனும் பும்பாவும் காட்டில் பாடிக்கொண்டு போவார்களே, அந்த மெட்டு உங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை உருவாக்கியவர் சாலமன் லிண்டா, தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத் தொழிலாளி. 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்புபே' என்று பதிவு செய்தார். ஜூலு மொழியில் சிங்கம். ஆப்பிரிக்காவில் 1 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அவர் அந்த ரெக்கார்ட் கம்பெனியிலேயே தட்டுகளைப் பேக் செய்யும் வேலையில் இருந்தார். பாட்டின் உரிமை 10 ஷில்லிங்குக்குக் கைமாறியது. தட்டு அமெரிக்கா போனது. அங்கே பீட் சீகர் அதைக் காதால் கேட்டு எழுதும்போது ஜூலு வார்த்தை தவறாகக் கேட்டு 'விமோவே' ஆனது. 1961-ல் இன்னொரு குழு ஆங்கில வரிகள் சேர்த்து உலக ஹிட் ஆக்கியது. அதன் பிறகு எத்தனையோ பேர் பாடினார்கள்.

லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக்கூட குடும்பத்திடம் பல வருடம் காசில்லை. 2000-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை இந்தக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மகள்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல்தான் சமரசம் ஏற்பட்டு, இழப்பீடும் வருங்கால ராயல்டியும் கிடைத்தன. பாட்டு பதிவாகி 67 வருடம் கழித்து.

அதனால்தான் காசு யாருக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். ஆப்பிரிக்க, ஜமைக்கத் தட்டுகளில் திருட்டுப் பதிப்பு ஏராளம். வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். யாரிடம் உரிமம் வாங்கினார்கள், எந்த வருடம், எந்த நிறுவனம் என்பது அச்சாகியிருக்க வேண்டும். முறையான நிறுவனங்கள் உள்ளே ஒரு சின்னப் புத்தகமே வைப்பார்கள்: கலைஞரைத் தேடிப் போன கதை, பழைய புகைப்படங்கள், வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியல். அனலாக் ஆஃப்ரிக்கா, சவுண்ட்வே, ஸ்ட்ரட், நவ் அகெய்ன், சோல் ஜாஸ் போன்ற பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரே இல்லாமல், அட்டைப் படம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி மங்கலாக, விலை மட்டும் பாதியாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய தட்டு ஆன்லைனில் வாங்குபவர்கள் தரக்குறியீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 'வெரி குட் பிளஸ்' என்றால் கேட்கலாம். 'வெரி குட்' என்றால் சத்தம் இருக்கும். 'குட்' என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட தோசைக்கல் என்று அர்த்தம். இந்தத் துறையில் 'குட்' என்பதுதான் கெட்ட வார்த்தை. அப்புறம் நம் ஊர் வெயில். தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கடையில் வாங்கிக் காரில் வைத்துவிட்டு அப்படியே ஷாப்பிங் போகாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் 4,000 ரூபாய் அப்பளம் ஆகிவிடும்.

பட்ஜெட் ஒரே ஒரு தட்டுக்குத்தான் என்றால்? வீட்டில் பெரியவர்கள் சேர்ந்து கேட்பார்கள் என்றால் ஆலிஸ் கோல்ட்ரேன். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் பாப்லோ. ஆட வேண்டும் என்றால் ஃபெலா. எல்லாவற்றையும் முதலில் போனில் முழுசாக ஒருமுறை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவையும் கேட்கத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்த வாரம்: பரணில் கிடக்கும் தாத்தா காலத்து 78 ஆர்.பி.எம் தட்டுகள். அதுவரை அவற்றை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். எல்.பி ஊசியையும் அவற்றின்மேல் வைக்க வேண்டாம்.